காடு வளர்ப்பும் காட்டெலியும்: தென்சென்னைப் புதர்க்காடுகளை முன்வைத்து

நாட்டின் காட்டுப் பரப்பைக் கணக்கிடுவது டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம். செயற்கைக்கோள் படத்தில் மரக்கூரை தரையில் எத்தனை பங்கை மூடுகிறது என்பதே அதன் அளவுகோல். 70 விழுக்காட்டுக்கு மேல் மூடினால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்தது, 10 முதல் 40 வரை திறந்த காடு. பத்துக்கும் கீழே போனால் அந்த நிலம் காட்டுப் பரப்பில் சேராது. 'புதர்' என்று தனிக் கட்டத்தில் விழும். தேசியத் தொலையுணர்வு மையம் தயாரிக்கும் தரிசுநில வரைபடத் தொகுப்போ புதர் நிலத்தைத் தரிசு வகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உறுத்த வேண்டும். இந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் இயற்கைக் காட்டின் பெரும்பகுதி புதர்தான். களா, காரை, சூரை, இலந்தை, சிற்றீச்சை, இடையிடையே புல், அங்கங்கே பாறை. கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காட்டின் தேய்ந்த வடிவம் என்று தாவரவியலார் சொல்வார்கள். தேய்ந்தது என்று சொல்லிவிட்டால் அடுத்த வேலை மரம் நடுவதுதான் என்று தோன்றிவிடும். நட்டால் கூரை மூடும், கூரை மூடினால் அறிக்கையில் எண் ஏறும். அந்தக் கூரைக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாக வாழும் உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சிறு பாலூட்டி என்று ஆய்வாளர்கள் சொல்வது பொதுவாக 5 கிலோவுக்கு உட்பட்ட பாலூட்டிகளை. பொறி வைத்துப் பிடித்து ஆராயப்படுபவை பெரும்பாலும் சில நூறு கிராமுக்குள் அடங்கும் எலி, சுண்டெலி, மூஞ்சூறு வகைகள். காட்டைக் கையாளும் விதம் மாறும்போது இவை எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பது உலகெங்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. காரணம் எளிது. யானையை ஆராய ஒரு மாவட்டமே வேண்டும். எலிக்கு ஒரு ஏக்கர் போதும். எலி ஆண்டுக்குப் பல முறை குட்டி போடும், சில மாதங்களே வாழும். நிலத்தில் நிகழும் மாற்றம் ஒரு மாணவரின் படிப்புக் காலத்துக்குள்ளேயே அதன் எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக் காடுகளின் வரலாறே மேலாண்மையின் வரலாறுதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர்க் காட்டில் பெற்ற 365 ஏக்கர் புதர் நிலமே அதன் வளாகமாயிற்று. வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டே தாவர ஆராய்ச்சியிலும் பெயர் பெற்ற எட்வர்ட் பார்ன்ஸ் அந்த நிலத்தின் பசுமைக்கு வடிவம் கொடுத்தார். வண்டலூரில் காப்புக்காட்டின் ஒரு பகுதியை 1979இல் ஒதுக்கி, மரம் நட்டு, 1985இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்தார்கள். இன்று அதன் பரப்பு 602 எக்டர். மேடவாக்கம் பக்கம் நன்மங்கலம் காப்புக்காடு 320 எக்டர். அதன் கைவிடப்பட்ட கல்குவாரி விளிம்புகளில் கொம்பன் ஆந்தை குடியிருப்பதால் பறவை பார்ப்பவர்களிடையே பெயர் பெற்றது. கிண்டி தேசியப் பூங்கா 1978இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். ஒன்றில் நட்டார்கள், ஒன்றில் வேலியிட்டார்கள், ஒன்றைக் கல்லுக்காகத் தோண்டி விட்டுவிட்டார்கள். ஒரே மண், ஒரே மழை, வெவ்வேறு விதமான கையாளல். ஒப்பாய்வுக்கு இதைவிட வசதியான இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்த நிலத்தின் குடிகளைத் தெரிந்துகொள்ள நூலகத்துக்கு முன்னால் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களிடம் போவது நல்லது. தரையில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே வளைக்குள் யார் என்று சொல்லிவிடுவார்கள். வாசலில் புது மண்ணைக் குவியலாகத் தள்ளியிருந்தால் அது வரப்பெலி. நெற்கதிரை உள்ளே இழுத்துப் போய்ச் சேமிக்கும். அந்த வளையைத் தோண்டினால் எலியோடு தானியமும் கிடைக்கும் என்பதால் இருளர் வீட்டு உணவில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. திறந்த மணற்பாங்கான மேட்டில் பல வாய்கள் உள்ள வளை வெள்ளெலிக்கு உரியது. தப்பிப் போவதற்கென்று ஒரு பாதையைத் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை தோண்டி, மண் மூடியே வைத்திருக்கும். பாம்போ மண்வெட்டியோ வந்தால் அதை முட்டித் திறந்துகொண்டு பாயும். புல்லெலி பெரிய வளை தோண்டுவதில்லை, மண் வெடிப்பிலும் புல் மறைவிலும் ஒதுங்கும். புதரெலி அடர்ந்த புல்லுக்குள் சின்னச் சின்னப் பாதை போட்டு நடமாடும். நீண்ட வாலுள்ள மர எலிக்குக் கொடி பின்னிய புதர் வேண்டும். மூஞ்சூறு எலியே அல்ல, பூச்சி தின்னும் தனிக் குலம். சருகுக்கும் சாக்கடைக்கும் ஒன்றுபோலப் பழகியது.

பாம்பு பிடிப்பவர்கள் என்ற அளவில் இருளர்களின் திறமையை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. 1978இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பு நஞ்சு எடுத்துத் தருகிறது. வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எலியைப் பற்றிய அறிவுக்கு இப்படியொரு மதிப்பு இன்னும் வரவில்லை. எலி ஆய்வுக்குப் போகும் மாணவர் தம் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி எழுதுவதோடு நிற்காமல், இருளர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கள ஆசிரியராகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மேல்நாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மரம் வெட்டுவதைச் சுற்றி எழுந்தவை. அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஊசியிலைக் காடுகளைப் பற்றி கிறிஸ் மேசரும் கூட்டாளிகளும் 1978இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அங்குள்ள எலிகளும் பறக்கும் அணில்களும் மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைப் பூஞ்சையைத் தோண்டித் தின்கின்றன. அதன் வித்துகள் அவற்றின் எச்சத்தோடு காடெங்கும் பரவுகின்றன. அந்தப் பூஞ்சை வேரோடு ஒட்டினால்தான் மரக்கன்று நன்றாகத் தேறும். அதுவரை விதையைத் தின்று கெடுக்கும் பூச்சிபோல எலியைப் பார்த்த வனத்துறையினர், மரத்தை வளர்ப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்று கண்டார்கள். பறக்கும் அணிலைத் தின்று வாழும் புள்ளி ஆந்தைக்காக அங்கே பெரிய வழக்குகளே நடந்தன. காட்டில் மரங்களைக் கலைத்து இடைவெளி விட்டால் பறக்கும் அணில் குறைகிறது என்றும், வெட்டிய திறந்த வெளியில் மான் எலி என்னும் பொதுவகை எலி பெருகுகிறது என்றும் அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. கனடாவில் தாமஸ் சல்லிவன் குழுவினர், வெட்டிய இடத்தில் கழிவு மரத்தைக் குவியலாகவும் வரிசையாகவும் விட்டுவைத்தால் அடர்காட்டுச் சிற்றெலிகள் அங்கே தங்கும் என்று நிறுவினார்கள். போர்னியோவின் சபா பகுதியில் மரம் வெட்டிய காட்டில் சிறு பாலூட்டிகளின் மொத்த எண்ணிக்கை கூடியே இருந்தது.

மொத்த எண்ணிக்கை ஏமாற்றும். அந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுவே. நூறு எலி இருந்த இடத்தில் இன்றும் நூறு எலி இருக்கலாம். ஆனால் ஐந்து இனம் இருந்த இடத்தில் வீட்டெலி மட்டும் நூறாகியிருக்கலாம். வெள்ளெலியும் புதரெலியும் போய்ப் பெருச்சாளியும் மூஞ்சூறும் வந்திருந்தால், எண் மாறாவிட்டாலும் காடு மாறிவிட்டது என்று பொருள்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் நடந்த நல்ல வேலைகள் மலைகளில்தான் நடந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரா. சுகுமாரின் மாணவராக கார்த்திக் சங்கர் 1990களில் செய்த முனைவர் பட்ட ஆய்வு நீலகிரியின் மேல்பவானிப் பகுதியைப் பற்றியது. சென்னையில் கல்லூரி மாணவராக இருந்த காலத்திலேயே கடலாமைப் பாதுகாப்பில் இறங்கியவர் அவர். பின்னாளில் ஆமைகளாலேயே பெயர் பெற்றார். ஆனால் அவருடைய எலி ஆய்வு என்னளவில் அதற்குக் குறைந்ததல்ல. சோலையில் ரேட்டஸ் பேரினத்துக் காட்டெலியும் மலை மூஞ்சூறும், அடுத்திருக்கும் புல்வெளியில் புல்லெலியும் என்று, சில அடி இடைவெளியில் இருவேறு சமூகங்கள் வாழ்வதை அவர் பொறி வைத்துக் காட்டினார். பிடித்ததை எண்ணினால் போதாது, அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடித்துக் கணக்கிடும் முறைகளில் எது நம்பத் தக்கது என்று சோதித்து 2000இல் ஒரு தனிக் கட்டுரையும் எழுதினார். நீலகிரியில் புல்வெளியை 'வெற்றிடம்' என்று கருதித் தைலமரமும் சீகையும் நட்ட கதை ஊரறிந்தது. தாம்பரத்துப் புதரைத் தரிசு என்று கருதுவதும் அதே பார்வையின் தொடர்ச்சிதான்.

ஆனைமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் மழைக்காடு துண்டாடப்பட்டதன் விளைவை அஜித் குமார், ரவி செல்லம், திவ்யா முடப்பா உள்ளிட்டோர் ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தார்கள். மரப்பொந்தில் வாழும், வால் நுனியில் தூரிகை போல மயிருள்ள மலபார் முள்ளெலியைப் பற்றி முடப்பா 2001இல் எழுதியது இந்தியாவில் அந்த விலங்கைப் பற்றிய முக்கியமான கள ஆய்வுகளில் ஒன்று. தெற்கு மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் வாழும் 'மெட்ராஸ்' முள்ளெலியை ஆய்வாளர் பிரவின் குமார் தொடர்ந்து கவனித்து, கக்குவான் இருமலுக்கு மருந்தென்று அதன் முள் விற்கப்படுவதை 2016இல் பதிவு செய்தார். தேரியையும் புதரையும் தரிசு என்று பட்டா போட்டுப் பிரிக்கும்போது முதலில் வீடிழப்பது இந்த முள்ளெலிதான். தமிழக அரசு அண்மையில் அதிகம் பேசப்படாத உயிரினங்கள் சிலவற்றைக் காக்க நிதி ஒதுக்கியபோது அதையும் பட்டியலில் சேர்த்தது.

மீண்டும் நம் புறநகருக்கு வருவோம். இங்கே யாரும் வணிகத்துக்காக மரம் வெட்டுவதில்லை. இங்கே காட்டு மேலாண்மை என்றால் நடுவது, வேலி போடுவது, புதர் களைவது, சீமைக் கருவேலத்தை அகற்றுவது, தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, விழுந்த மரத்தை அப்புறப்படுத்துவது. ஒவ்வொன்றும் ஒவ்வோர் இனத்தை ஒவ்வொரு விதமாகத் தொடும்.

நடுவதில் தொடங்கலாம். சமூகக் காடுகள் திட்டம் 1980களில் வந்தது. 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம். 2022இல் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்கும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம். நிழல் விழுந்தால் புல் குறையும். புல் குறைந்தால் புல்லெலி, புதரெலி, முயல் ஆகியவற்றுக்கு உணவும் மறைவும் குறையும். திறந்த மேட்டை நம்பிய வெள்ளெலி விலகும். கிண்டியில் இதன் பெரிய வடிவத்தை வெளிமானில் பார்த்தோம்: திறந்த புல்தரை மரத்தாலும் புதராலும் மூட மூட அந்த மானுக்கு இடம் குறுகியது. டி.ஆர். சங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், சுகுமார் மூவரும் 1996இலேயே கிண்டியின் மான்களையும் அங்குள்ள மேலாண்மையையும் விரிவாக எழுதினார்கள். வெளிமான் கண்ணுக்குத் தெரியும் விலங்கு, அதனால் கேள்வி எழுந்தது. வெள்ளெலி இரவில் வெளியே வருவது. அது இல்லாமற்போனாலும் யாரும் மனு கொடுக்கப் போவதில்லை.

சீமைக் கருவேலம் சிக்கலானது. அதை ஒழிக்க வேண்டும் என்பதில் நீதிமன்றமும் அரசும் ஊரும் ஒரே குரல். அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே 2022இல் தமிழ்நாடு ஒரு கொள்கையும் வகுத்தது. அந்த மரம் புல்லைக் கெடுக்கிறது என்பது உண்மை. ஆனால் உள்ளூர்ப் புதர் அழிந்துபோன இடத்தில் அதன் முள்ளே முயலுக்கும் கீரிக்கும் எலிக்கும் நாயிடமிருந்து தப்ப மிஞ்சிய மறைவாக இருக்கக்கூடும். பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் வேரோடு பிடுங்கினால் மரத்தோடு வளைகளும் போகும். களா, காரை, சூரை மறுபடி எழும்வரை பட்டை பட்டையாக, ஆண்டுக்குக் கொஞ்சமாக எடுப்பதே முறை என்று நினைக்கிறேன். எடுப்பதற்கு முன்னும் பின்னும் பொறி வைத்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அகற்றும் வேலைக்குப் பணம் ஒதுக்குபவர்கள் அதில் சிறு பங்கை இந்தக் கணக்குக்கும் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூரிலும் கிண்டியிலும் கல்லூரி வளாகங்களிலும் மரங்களைச் சாய்த்துப் போட்டது. ஒரே நாளில் கூரை திறந்து வெயில் தரையைத் தொட்டது. விழுந்த மரத்தை எங்கே விட்டார்கள், எங்கே எடுத்தார்கள் என்ற வேறுபாடு, சல்லிவன் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய சோதனைக்கு ஈடானது. அழகுக்காகவும் நடக்க வசதிக்காகவும் சருகைக் கூட்டி, கிளையைப் பொறுக்கி, அடிப்புதரைச் சீவிவிடும் வளாகங்களில் மேலே பச்சை இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. வெளியிலிருந்து வரும் நாய், பூனை, சோற்றுக் குப்பை மூன்றும் சேர்ந்தால் மிஞ்சுபவை மனிதனோடு வாழப் பழகிய எலிகளே.

புதர் சீவச் சொல்வதற்குச் சுகாதாரக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் மறுபடி தலைதூக்கியிருக்கும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், எலியிலும் மூஞ்சூறிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது. புதுச்சேரி நோய்க்கடத்தி ஆய்வு மையத்தினர் புதுச்சேரியிலும் தமிழகத்திலும் பொறி வைத்தபோது அதிகம் அகப்பட்டது காட்டெலியல்ல, வீட்டைச் சுற்றித் திரியும் மூஞ்சூறு. காப்புக்காட்டுப் புதரை வெட்டினால் நோய் குறையும் என்ற எண்ணத்துக்கு இந்த முடிவு ஆதரவளிப்பதாகத் தெரியவில்லை. வீட்டோரக் களையையும் குப்பையையும் அகற்றுவது வேறு, காட்டைச் சீவுவது வேறு.

இனி, ஆய்வு செய்யும் விதம். ஷெர்மன் பொறி என்ற மடக்குத் தகரப் பெட்டியே உலக வழக்கம். நம் கடைத்தெரு எலிக்கூண்டும் பயன்படும், மூஞ்சூறுக்குத் தரையில் வாளி புதைக்க வேண்டும். வறுத்த நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, கருவாடு எல்லாம் இரையாகும். பத்து மீட்டர் இடைவெளியில் ஏழுக்கு ஏழாக 49 பொறி வைத்தால் ஒரு கட்டம். முதல் சுற்றில் 40 எலிகளுக்கு அடையாளமிட்டு விட்டு, மறு சுற்றில் பிடித்த 30இல் 10 அடையாளத்தோடு வந்தால், அங்கே சுமார் 120 இருப்பதாகக் கொள்ளலாம். புல்லில் எளிதில் சிக்கும் இனம் புதரில் சிக்காமல் போகலாம் என்பதால் இந்தத் திருத்தம் இல்லாத ஒப்பீடு மதிப்பில்லாதது. விடிந்ததும் பொறியைப் பார்த்துவிட வேண்டும். சென்னை வெயிலில் தகரப் பெட்டி எட்டு மணிக்கே அடுப்பாகிவிடும், உள்ளே இருப்பது செத்துப்போகும். காப்புக்காட்டில் நுழைய வனத்துறை அனுமதி, விலங்கைக் கையாள நிறுவன நெறிக் குழுவின் ஒப்புதல் இரண்டும் வேண்டும். இனம் ஐயமானால் மண்டையோட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையிலேயே இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல நிலையம் இருக்கிறது.

பொறியே இல்லாத வழியும் உண்டு. ஆந்தை தின்ற எலியின் எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கும். அதைப் பிரித்தால் தாடை எலும்பிலிருந்து இனத்தைச் சொல்லிவிடலாம். புதுச்சேரிப் பக்கம் கொம்பன் ஆந்தையின் உணவை எம். எரிக் ராமானுஜம் இப்படித்தான் ஆராய்ந்து, எலிகளே அதன் முதன்மை உணவு என்று காட்டினார். நன்மங்கலத்துக் குவாரி ஆந்தைகள் இரவுதோறும் அந்தக் காட்டில் எலிக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. கூட்டைத் தொந்தரவு செய்யாமல், அவை விட்டுப்போன உருண்டைகளை ஆண்டுதோறும் சேகரித்தாலே போதும்.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. முதுகலை மாணவரின் புராஜெக்ட் கடைசிப் பருவத்தில், பொங்கலுக்குப் பிறகு தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இந்தப் பக்கத்து நிலத்தை ஆட்டிவைப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புல் முளைத்து, விதை கட்டி, எலிக் குட்டிகள் வெளிவரும் காலத்தில் மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். நிலம் காய்ந்து எலி ஒடுங்கும் காலத்தில் பொறி தூக்கிப் போகிறார். கிடைக்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அதைக் காட்டின் குறையாக எழுதிவிட்டு ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிடுவார். அடுத்த ஆண்டு மாணவர் வேறு தலைப்பு எடுப்பார். ஒரு பருவத்தில் ஓரிடத்தில் எடுத்த எண்ணை வைத்து மேலாண்மை நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லவே கூடாது.

சட்டமும் நீண்ட காலம் எலியை ஒதுக்கியே வைத்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி நான்கும் தீங்குயிர்களாக இருந்தன. 2022 திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. காட்டெலியையும் வீட்டெலியையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் மட்டும் அலுவலகங்களில் இன்னும் நீங்கவில்லை.

தாம்பரம், வண்டலூர், கிண்டி வட்டாரத்தில் விலங்கியல் துறை உள்ள கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து, நட்ட இடம், நடாத புதர், கருவேலம் எடுத்த இடம் என்று மூன்று கட்டங்களைக் குறித்து, மழைக்கு முன்னும் பின்னும் கோடையிலும் அதே இடத்தில் அதே பொறிகளை வைக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் பட்டத்துக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். கட்டமும் பதிவேடும் துறையுடையதாக இருக்க வேண்டும். வனத்துறை அனுமதியை ஆண்டுக்கொரு முறை தனித்தனியாகத் தராமல் பத்தாண்டுக்குச் சேர்த்துத் தர வேண்டும். அந்தக் கணக்கு கைக்கு வரும்வரை, நன்மங்கலத்திலும் வண்டலூரிலும் மிச்சமிருக்கும் திறந்த புதரில் புதிதாக ஒரு மரமும் நடாமல் விட்டுவைப்பதே வனத்துறை செய்யக்கூடிய நல்ல மேலாண்மை.